மோடத்தை மட்டும் தொடாதீங்க

இந்த வீட்டில் ஏதாவது ஒன்றையாவது நான் ஆள்வது என்று முடிவு செய்தேன்.

பேராசை என்று நினைக்காதீர்கள். வீடு முழுவதையும் நான் கேட்கவில்லை. சமையலறை மனைவியுடையது. அங்கே தண்ணீர் குடிக்கப் போனால்கூட, "எந்த டம்ளரை எடுத்தீங்க?" என்று விசாரணைக் கமிஷன் உட்காரும். குளியலறை காலையில் மகளுடையது. மற்ற நேரங்களில் அவளுடைய ஷாம்பு பாட்டில்களுடையது. டிவி ரிமோட் மாமியார் வசம். பால்கனி துணிகள் வசம். யாரும் உரிமை கொண்டாடாமல் மிச்சமிருந்தது ஒரே ஒரு பொருள்தான். செருப்பு அலமாரியின் மேல், சுவரோரமாக உட்கார்ந்து, பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருந்த மோடம்.

அதன் மேல் எனக்கு ஆசை வரக் காரணம் ஆன்ட்டெனா.

ஆன்ட்டெனா என்றால் கம்பி இல்லை, ஆள். மூக்குக் கண்ணாடிக் கடையில் என்னோடு வேலை பார்ப்பவன். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பது என் வேலை. உள்ளறையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது அவன் வேலை. உயரத்தால் வந்த பெயர். எங்கள் கடை வாசலில் தலையை இடிக்காமல் அவன் நுழைந்த நாள் விடுமுறை நாளாகத்தான் இருக்கும். அவன் மனைவியும் என் மனைவியும் காலையில் சேர்ந்து நடக்கப் போகிறவர்கள். கால்கள் போகிற தூரத்தைவிட வாய்கள் போகிற தூரம் அதிகம்.

போன வாரம் மதியச் சாப்பாட்டின்போது அவன் திடீரென்று ஆரம்பித்தான்.

"உன் வீட்டு மோடத்துக்குள்ள ஒரு பக்கம் இருக்கு, தெரியுமா?"

"மோடத்துக்கு நாலு பக்கம் இருக்கே."

"அது இல்லடா. லேப்டாப்ல திறக்கிற பக்கம். அதுக்குள்ள போனா வீட்டுல யார் யார் நெட்டுல இருக்காங்கன்னு தெரியும். யாருக்கு முதல்ல போகணும், யாருக்குக் கடைசியில போகணும், யாரை எத்தனை மணிக்கு நிறுத்தணும், எல்லாத்தையும் நீயே முடிவு பண்ணலாம்."

"நானா?"

"உள்ள நுழையறவன் யாரோ, அவன். அவனுக்குப் பேரே நிர்வாகி."

வாய்க்குப் போய்க்கொண்டிருந்த கவளம் பாதி வழியில் நின்றுவிட்டது. நிர்வாகி! எங்கள் கடையில் அந்தப் பதவி முதலாளியின் மைத்துனருக்கு மட்டும்தான் உண்டு.

"ஆனா முதல்ல மோடத்தோட சாஃப்ட்வேரை அப்டேட் பண்ணணும். பழசுல இந்த வசதியெல்லாம் இருக்காது."

"உனக்கு எப்படிடா இவ்வளவு தெரியும்?"

அவன் தலையைக் குனிந்து டப்பாவை மூடினான். மேதைகள் அடக்கமாகத்தான் இருப்பார்கள் என்று எனக்கு அவன் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

அப்டேட் என்ற வார்த்தை என் காதுக்குப் புதிதில்லை. மனைவி வெகு நாட்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நெட்டில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். "வகுப்பு நடுவுல படம் படமா நின்னு போகுது. அந்த மோடத்தைக் கொஞ்சம் அப்டேட் பண்ணுங்களேன்" என்பாள். நானும் "பார்க்கலாம்" என்பேன். நான் பார்க்கலாம் என்று சொன்னால் பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம். பால்கனிக் கதவின் கீலுக்கும், பரணைச் சுத்தம் செய்வதற்கும்கூட அந்த வார்த்தைதான் இன்னமும் காவல் இருக்கிறது. சமீபமாக அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். அலுத்துப்போய்விட்டாள் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

கடைக்கு வார விடுமுறை வந்தது. மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். மதியம் மனைவி தன் லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"மைக் வாங்கப் போறேன். லேப்டாப்ல மாட்டிப் பார்த்துதான் வாங்கணும். வர கொஞ்சம் நேரமாகும்."

"போயிட்டு வா."

"சாயந்திரம் அஞ்சு மணிக்கு அந்தப் பெரிய ஸ்கூலுக்கு முதல் வகுப்பு. அவங்களுக்குப் பிடிச்சிருந்தா வருஷம் முழுக்க எனக்குத்தான். நடுவுல நெட் நின்னுச்சுன்னா வேற ஆளைப் பார்த்துப்பாங்க."

"நல்லா நடக்கும், போ."

"ஒண்ணே ஒண்ணு. மோடத்தை மட்டும் தொடாதீங்க."

"நான் ஏன் தொடப் போறேன்?"

"தொடாதீங்க, அவ்வளவுதான். அதுக்குள்ள என்னென்னவோ செட்டிங் இருக்கு. அதெல்லாம் உங்களுக்கு வராது."

கதவு சாத்தப்பட்டது. எனக்கு வராதா? ஒரு மனிதர் கண்ணாடி போட்ட பிறகும் படிக்கத் திணறுகிற, பரிசோதனை அட்டையின் கடைசி வரியை, நான் கண்ணாடி இல்லாமலே படிப்பவன். எனக்கு வராதா? செருப்பு அலமாரியைப் பார்த்தேன். மோடம் என்னைப் பார்த்துக் கண் அடித்தது. போனை எடுத்து ஆன்ட்டெனாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"இன்னிக்கே பண்ணிடலாம்டா."

"சரி. ஒரு நிமிஷம் இரு."

ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அவன் இப்படி ஒரு நிமிஷம் கேட்டான். யோசித்துத்தான் பேசுகிறான் என்று எனக்கு மேலும் மரியாதை வந்தது. மகளின் பழைய லேப்டாப்பை எடுத்து வந்தேன். அவன் சொன்னபடி மஞ்சள் கேபிளின் ஒரு முனையை மோடத்திலும் மறுமுனையை லேப்டாப்பிலும் செருகினேன். புள்ளி புள்ளியாகப் பிரித்த ஓர் எண்ணை அவன் சொல்லச் சொல்ல அடித்தேன். வெள்ளையாக ஒரு பக்கம் திறந்தது. பாஸ்வேர்ட் கேட்டது.

"மோடத்துக்கு அடியில ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பாரு."

கவிழ்த்துப் பார்த்தேன். எறும்பு அளவு எழுத்து. ஒரே மூச்சில் படித்து அடித்தேன். தவறு என்றது. மறுபடி அடித்தேன். மறுபடியும் தவறு.

"யாரோ மாத்தியிருக்காங்கடா!"

"ஒரு நிமிஷம் இரு… உன் மனைவியோட பிறந்த நாளைப் போட்டுப் பாரு."

தலையைச் சொறிந்தேன். மழைக்காலம் என்பது ஞாபகம் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"தெரியாதா?" என்றான்.

"தெரியும். நுனி நாக்குல இருக்கு."

"ஒரு நிமிஷம் இரு." பிறகு நாள், மாதம், வருஷம் என்று கடகடவென்று சொன்னான். அடித்தேன். கதவு திறந்துவிட்டது.

"டேய்! என் மனைவி பிறந்த நாள் உனக்கு எப்படிடா தெரியும்?"

"அதெல்லாம்… கணக்குப் போட்டா வந்துடும்டா. மோடம் நம்பரை வச்சுக் கண்டுபிடிக்கலாம்."

மலைத்துப்போனேன். மோடத்தின் எண்ணை வைத்துக்கொண்டு ஒரு பெண்மணியின் பிறந்த நாளைச் சொல்கிற மனிதனோடு தினமும் ஒரே பெஞ்சில் சாப்பிடுகிறேன். இத்தனை நாள் அவனிடம் ஊறுகாய் பங்கு கேட்டுச் சண்டை போட்டிருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

உள்ளே நுழைந்ததும் நான் பார்த்ததை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். கண் பரிசோதனையில் விழிக்குள் விளக்கடித்துப் பார்த்தால், பின்னால் செக்கச் செவேலென்று நரம்புகள் கிளை பிரிந்து ஓடும். முதல் முறை அதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அதே சிலிர்ப்பு இப்போதும் வந்தது. எங்கள் வீடு முழுவதும் அந்தப் பக்கத்தில் பட்டியலாக இருந்தது. பெயர்கள் இல்லை. எண்ணும் எழுத்தும் கலந்த நீள நீளமான அடையாளங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி. கண்ணெதிரே ஒரு வரிசையில் எண் ஏறிக்கொண்டே போனது. மாமியார் உள்ளறையில் டேப்லெட்டில் தொடர் பார்க்கிறார் என்று புரிந்துகொண்டேன். அவர் அழ வேண்டிய அழுகையெல்லாம் இந்தச் சின்னப் பெட்டி வழியாகத்தான் வருகிறது. மகள் தோழிகளோடு சிரிக்கும் சிரிப்பும், மனைவி யாரோ ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வகுத்தலும் இதன் வழியாகத்தான் போகின்றன. இவ்வளவையும் சுமந்துகொண்டு செருப்புகளுக்கு மேலே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறதே! அதை மெதுவாகத் தடவிக்கொடுத்தேன். இளஞ்சூடாக இருந்தது.

"என்னடா பேச்சையே காணோம்?"

"ஒண்ணுமில்ல. கண்ணு கலங்கிடுச்சு."

"கலங்கினது போதும். மாடல் நம்பரைப் படி."

படித்தேன். கம்பெனியின் பக்கத்திலிருந்து புது சாஃப்ட்வேரை இறக்கினேன். அதை மோடத்துக்குள் ஏற்று என்றான். ஏற்றும்போது கரண்ட் மட்டும் போய்விடக் கூடாது என்றான்.

"போனா?"

"போனா அது மோடம் இல்ல, வெறும் டப்பா. அப்புறம் வகுப்பும் இல்ல."

பயந்துகொண்டே பொத்தானை அழுத்தினேன். ஒரு நீலக் கோடு மெதுவாக நகர ஆரம்பித்தது. மோடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் மிஞ்சியது. உள்ளறையில் தொடர் பாதி அழுகையில் நின்றது. மாமியார் வெளியே வந்தார், கையில் சார்ஜரோடு.

"டேப்லெட் நின்னு போச்சு மாப்பிள்ளை. சார்ஜ் இல்ல போல. அந்த பிளக்கைக் கழட்டிட்டு இதைப் போடுங்க."

அவர் கை நீட்டியது மோடத்தின் பிளக்கை நோக்கி. நான் பாய்ந்து போய்ச் சுவிட்ச் பலகையின் மேல் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"ஏன் இப்படிச் சுவரோட ஒட்டிக்கிட்டு நிக்கறீங்க?"

"முதுகு வலி அத்தை. சுவர்ல சாய்ஞ்சா இதமா இருக்கு."

"அந்தச் சுவர்தான் கிடைச்சுதா? இந்தப் பக்கம் வாங்க."

"இந்தச் சுவர்தான் குளிர்ச்சி அத்தை."

"வலிக்குக் குளிர்ச்சி ஆகாது. திரும்புங்க, தைலம் தேய்க்கிறேன்."

"திரும்பினா வலிக்குது அத்தை!"

"அப்போ முன்பக்கமே தேய்க்கிறேன். எப்படியும் உள்ள இறங்கும்."

என் நெஞ்சில் தைலம் தேய்க்கப்பட்டது. வாசனை கண்ணைக் கரித்தது. அந்தக் கண்ணீருக்கு நடுவே லேப்டாப் திரையில் நீலக் கோடு பாதி வழியில் அசையாமல் நிற்பது தெரிந்தது. சுவர்க் கடிகாரம் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவள் வந்துவிடுவாள். சிவப்புப் புள்ளியைப் பார்ப்பாள். இரவெல்லாம் உட்கார்ந்து தயார் செய்த பாடங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? ஆட்சி செய்யும் ஆசையெல்லாம் எனக்குப் போய்விட்டது. இந்தக் கோடு முழுசாக ஓடினால் போதும், இனிமேல் மோடம் இருக்கும் திசையில் செருப்பைக்கூட விட மாட்டேன் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

கோடு ஒரு துள்ளு துள்ளி ஓடி முடிந்தது. ஒரு பச்சை வந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு பச்சை. பிறகு எல்லாம் ஒன்றாக எரிந்தன. உள்ளறையில் தொடர் விட்ட இடத்திலிருந்து அழுதது. மாமியார் தைலத்தை மூடினார்.

"பாத்தீங்களா, தைலம் தேய்ச்சதும் உங்க முகமே தெளிஞ்சுடுச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பயம் போனதும் ஆசை திரும்பி வந்துவிட்டது. செருப்பு வேண்டுதலை மறந்துவிட்டு உட்கார்ந்தேன்.

"இப்போ செட்டிங்" என்றான் ஆன்ட்டெனா. "வர்ற ஒவ்வொருத்தருக்கும் மோடம் ஒரு முகவரி கொடுக்கும். இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. ஆனா முக்கியமான ஆளுக்கு நிரந்தரமா ஒரு இடம் பிடிச்சு வைக்கலாம். அவங்களுக்குத்தான் முதல் பந்தி. மத்தவங்க காத்துக்கிட்டு இருக்கணும்."

"முக்கியமான ஆள் நான்தானே?"

"வேற யாரு? உன் போனோட அடையாளத்தைச் சொல்றேன், அடி."

நீளமான ஒன்றை அவன் படிக்கப் படிக்க அடித்தேன். என் போனைப் பார்க்காமலே என் போனின் அடையாளத்தைச் சொல்கிறான்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்த நேரத்தில் அவன் பக்கம் வளையல் குலுங்குகிற சத்தம் கேட்டது.

"அங்க யாருடா?"

"டிவிடா, டிவி. அடுத்தது உன் மனைவி போன். பட்டியல்ல 'ஏ நாலு'ன்னு முடியறது. அதைப் பிள்ளைகள் கட்டுப்பாட்டுல போட்டு, எட்டு மணிக்கு நிறுத்துன்னு அமுக்கு."

தவறாக நினைக்காதீர்கள். எட்டு மணிக்கு அவள் தங்கை வீடியோவில் வருவாள். பிறகு எனக்குச் சாப்பாடு வருவது அவர்கள் சிரித்து முடிப்பதைப் பொறுத்தது. குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் அமுக்கினேன். எல்லாம் முடிந்ததும் நிர்வாகி என்று எழுதியிருந்த மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கேபிளைச் சுருட்டி ஒளித்து வைக்கவும் மனைவி வரவும் சரியாக இருந்தது.

"மோடத்தைத் தொடலையே?"

"சே, சே."

"தைல வாசனை வருதே?"

"உன் அம்மாவுக்கு என் மேல திடீர்னு பாசம் வந்துடுச்சு."

ஐந்து மணிக்கு வகுப்பு ஆரம்பித்தது. கதவிடுக்கில் நின்று பார்த்தேன். திரை நிறையப் பிள்ளைகளின் முகங்கள். ஒரு முகம்கூட உறையவில்லை. அவள் பேசப் பேச அவர்கள் கை தூக்கினார்கள், சிரித்தார்கள். யாரோ ஒரு சிறுமி விடையைக் கண்டுபிடித்துவிட்டுத் துள்ளினாள். இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுப்பாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. வகுப்பு முடிந்ததும், வருஷம் முழுக்க அவளே எடுக்கட்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். பெருமையில் எனக்கு நெஞ்சு விரிந்தது. என் அப்டேட்தான் காரணம் என்பதை மட்டும் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

எட்டு மணி ஆனது. மனைவி போனில் தங்கையைக் கூப்பிட்டாள். நான் என் போனில் ஆட்டம் பார்க்க உட்கார்ந்து, படம் உறைவதற்காக ஓரக்கண்ணால் காத்திருந்தேன். உறைந்தது. என் போனில்.

பந்து வீசியவன் கை தூக்கியபடி அப்படியே நின்றான். வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அங்கே தங்கையின் சிரிப்போ கலகலவென்று தடையில்லாமல் வந்தது. எழுந்து போய் மனைவியின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

"என்ன மாமா, இப்படித் திருதிருன்னு முழிக்கறீங்க?" என்றாள் தங்கை. "உங்க மூக்கு நுனியில இருக்கிற மச்சம்கூடத் தெரியுது. அவ்வளவு தெளிவு!"

மனைவி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்க நெட் நின்னுடுச்சா?"

"இல்லையே… ஆமா. ஏன்?"

"பிள்ளைகள் கட்டுப்பாட்டுல எட்டு மணின்னு நீங்கதானே போட்டீங்க?"

"அது உன் போன்!"

"என் போன் என் கையில இருந்துச்சு. நான் வெளிய இருந்தேன். அப்புறம் அது எப்படிங்க நம்ம வீட்டுப் பட்டியல்ல வரும்?"

நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

"அப்போ… முதல் பந்தி?"

"என் லேப்டாப். அதான் வகுப்பு அவ்வளவு நல்லா வந்துச்சு."

"ஆன்ட்டெனா?"

"நான் அவங்க வீட்டு ஹால்லதான் உட்கார்ந்திருந்தேன். நான் சொல்லச் சொல்ல அவர் உங்ககிட்டச் சொன்னார். போன வாரம் பேசினதும் நானும் அவர் மனைவியும் எழுதிக்கொடுத்ததுதான். பாவம், மனுஷன் மனப்பாடம் பண்ணவே ரெண்டு நாள் ஆச்சாம்."

"மோடம் கெட்டுப் போயிருந்தா?"

"அங்கேயே உட்கார்ந்து வகுப்பு எடுத்திருப்பேன். லேப்டாப்பை எதுக்குத் தூக்கிட்டுப் போனேன்?"

"இதுக்கு நீயே பண்ணியிருக்கலாமே!"

"பண்ணியிருக்கலாம். ஆனா உங்க பங்கு வேலைன்னு ஒண்ணு இருக்கில்ல? பண்ணுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன், பார்க்கலாம் பார்க்கலாம்னு ஓட்டினீங்க. தொடாதீங்கன்னு ஒரே ஒரு தடவை சொன்னேன், சாயந்திரத்துக்குள்ள முடிச்சுட்டீங்க." கொஞ்சம் நிறுத்திச் சிரித்தாள். "அதோட என் பிறந்த நாளும் இப்போ உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு."

ஆன்ட்டெனாவுக்குப் போன் போட்டேன். துரோகி என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு என்னடா தெரியும்?" என்றான் பரிதாபமாக. "என் வீட்டுல மோடம் எங்க இருக்குன்னே எனக்கு இன்னிக்கு வரைக்கும் காட்டினதில்ல."

எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிரமிப்புதான் வந்தது. மூன்று தெரு தள்ளி உட்கார்ந்துகொண்டு, ஓர் உயரமான மனிதனின் வாய் வழியாக என் விரல்களை ஒவ்வொன்றாக ஆட்டிவைத்திருக்கிறாள். மோடத்துக்குள் நுழைந்து பார்த்துவிட்டோம் என்று நான் மலைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் எனக்குள் நுழைந்து எல்லா செட்டிங்கையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். இனி இவளிடம் ஏமாறுவதில்லை, சொன்ன வேலையைச் சொன்ன அன்றே செய்துவிடுவது என்று அன்றைக்கே சபதம் எடுத்தேன்.

அடுத்த விடுமுறை வந்தது. மனைவி வெளியே கிளம்பினாள். வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள்.

"பரண் பக்கம் மட்டும் போயிடாதீங்க. அதையெல்லாம் இறக்கி அடுக்கறது உங்களுக்கு வராது."

எனக்கா வராது?

ஏணியின் உச்சிப் படியில், தலை நிறைய ஒட்டடையோடு, மூன்றாவது பெட்டியை இறக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.